கடனில் மிதக்கும் ரிக் கம்பெனி: பங்கு மலிவு, வாங்கலாமா?

கேள்வி:

ஐயா, நான் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 52. மகள் கல்யாணத்துக்கென்று ஒன்பது லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் கல்யாணம். அதில் மூன்று லட்சத்தை எடுத்து, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் கம்பெனிகளின் பங்குகளில் போடலாமா என்று யோசனை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் விற்ற பங்கெல்லாம் இப்போது மிகவும் மலிந்து கிடக்கிறது. என் மைத்துனர் வளைகுடாவில் ஒரு ரிக்கில்தான் இருக்கிறார். “சும்மா நின்ற ரிக்கெல்லாம் வேலைக்குப் போயிடுச்சு அத்தான், இப்ப விட்டா கிடைக்காது” என்கிறார். நம் பக்கத்துக் கடலிலேயே ஓ.என்.ஜி.சி.க்கு அனுமதி கொடுத்திருப்பதாகவும் செய்தி வந்தது. கடன் அதிகம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கடன் இல்லாத கம்பெனி எது? எண்ணெய் விலை ஏறினால் கடனைக் கட்டிவிட மாட்டார்களா?

– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தப் பங்குகளுக்குப் போகக் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி நியாயம்தான் ஆபத்து.

உங்கள் மைத்துனர் சொல்வது பொய்யில்லை. 2014-க்குப் பிறகு வேலையில்லாமல் நங்கூரம் பாய்ச்சி நின்ற ரிக்குகளில் பல, 2022 வாக்கில் மறுபடி வேலைக்குப் போயின, வாடகையும் ஏறியது. ஆனால் நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள்: எண்ணெய் விலை ஏறும், அதனால் ரிக்குக்கு வேலை கிடைக்கும், அதனால் என் பங்கு ஏறும். முதல் இரண்டுக்கும் இடையே ஓரளவு தொடர்பு உண்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கடன் குறுக்கே நிற்கிறது.

பங்கு என்றால் என்ன?

இந்தச் சொல்லைச் சந்தைக்காரர்களைவிட உங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பவர்கள் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போகிறது. வந்த பணத்தில் முதலில் டீசல் கழியும். பிறகு ஐஸ், சாப்பாட்டுச் செலவு. முன்பணம் கொடுத்த ஏலக்காரர் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். இதெல்லாம் போக மிஞ்சியதைத்தான் ஓனரும் தொழிலாளிகளும் பங்கு வைப்பார்கள். வகுக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும், வரிசை மாறாது. மீன் குறைந்த நாளில் டீசல்காரருக்குக் குறையாது, பங்குக்குத்தான் குறையும். சில நாள் பங்கே இருக்காது.

கம்பெனிப் பங்கும் அதே பங்குதான். எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவது. கடன் இல்லாத கம்பெனியில் மிச்சம் பெரிதாக இருக்கும். கடன் மலைபோல் இருக்கும் கம்பெனியில் வாடகை கொஞ்சம் ஆடினாலும் மிச்சம் காணாமல் போகும்.

ஒரு ரிக்கின் ஒரு நாள்

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். ஒரு ரிக்கின் நாள் வாடகை 1,50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள், பராமரிப்பு, உதிரிபாகம், காப்பீடு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 60,000. அந்த ரிக்கை வாங்கிய கடனுக்கு வட்டி 50,000. மிச்சம் 40,000. நல்ல தொழில் என்றுதான் தோன்றும்.

இப்போது வாடகை 90,000-க்கு இறங்குகிறது. செலவு அதே 60,000. வட்டி அதே 50,000. நாளொன்றுக்கு 20,000 டாலர் கையைக் கடிக்கிறது. வாடகை இறங்கியது 40 சதவீதம்தான். பங்குதாரரின் மிச்சமோ முழுவதும் போய், அதற்கு மேலும் துண்டு விழுகிறது. கடனே இல்லாத ரிக் அதே 90,000 வாடகையில் 30,000 மிச்சம் பிடிக்கும். இரண்டும் ஒரே கடலில், ஒரே ஆழத்தில், ஒரே வாடகைக்கு நிற்கும் ரிக்குகள். ஒன்று பிழைக்கிறது, ஒன்று மூழ்குகிறது. இத்தனைக்கும் அசலைத் திருப்பிக் கட்டுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ரிக்கைக் கடையைப் போல மூடிப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. வேலை இல்லாமல் நின்றாலும் காவல், பராமரிப்பு, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் என்று செலவு ஓடும். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

இந்த வலியை உங்கள் ஊர் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு 25 ரூபாய் என்று விற்றுத்தான் ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியது. எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் வேண்டும். 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். 1911-இல் கம்பெனி கலைந்தது. அங்கே அடக்குமுறையும் சேர்ந்து கொன்றது என்பது வேறு வரலாறு. ஆனால் முதலீடு செய்கிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பெரிய நிலைச்செலவு உள்ள தொழிலில் கட்டணம் இறங்கினால், நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பங்குதாரரின் பணத்தைக் காப்பாற்றாது.

நம் கண் முன்னால் நடந்தது

கடன்பட்ட ரிக் கம்பெனி என்றால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். சென்னையில் 1986-இல் தொடங்கிய அபான் ஆஃப்ஷோர் போதும். தமிழ்நாட்டிலிருந்து போய் உலகக் கடல்களில் கிணறு தோண்டிய கம்பெனி. நம் ஆட்கள் அதன் ரிக்குகளில் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லா விவரமும் ஆண்டறிக்கைகளிலும் சந்தை விலைகளிலும் பதிவானவை.

2006-07-இல் அது நார்வே நாட்டின் சின்வெஸ்ட் என்ற ரிக் கம்பெனியை வாங்கியது. பெருமளவு கடன் வாங்கித்தான் வாங்கியது, கடனும் டாலரில். எண்ணெய் விலை ஏறுமுகமாக இருந்த நேரம். 2008 தொடக்கத்தில் பங்கு விலை 5,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது கடனைப் பற்றிப் பேசியவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்றார்கள்.

2010 மே 13 அதிகாலையில் அதன் ‘அபான் பேர்ல்’ ரிக் வெனிசுவேலா கடலில் மூழ்கியது. அதில் இருந்த 95 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்பதுதான் அந்த நாளின் பெரிய ஆறுதல். ரிக்குக்குக் காப்பீடும் இருந்தது. ஆனால் அந்த ரிக்கிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்த வாடகை நின்றது. கம்பெனியின் தலைமேல் இருந்த மொத்தக் கடன் நிற்கவில்லை. ஒரு நாள் ஓடாவிட்டால் ஒரு நாள் நஷ்டம் என்பது கடனில்லாதவருக்கு. கடன்பட்டவருக்கு ஒவ்வொரு விபத்தும் இரண்டு விபத்து.

அதற்குப் பிறகும் நல்ல காலம் வந்தது. 2013-14-இல் வருமானம் சுமார் 4,000 கோடி ரூபாய். அதில் ஆயிரம் கோடிக்கு மேல் வட்டிக்கே போனது. நல்ல காலத்தின் கணக்கே இது. 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர் வரை விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. எண்ணெய்க் கம்பெனிகள் முதலில் வெட்டிய செலவு, புதுக் கிணறு தோண்டுவது. ரிக்குகள் நின்றன. கடன் தவணைகள் தவறின. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனபோது, தொழிலே திகைத்து நின்றது. அபானின் மொத்தச் சொத்தைவிடக் கடன் பெரிதானது. கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய ஐயம் இருக்கிறது என்று ஆடிட்டர்கள் அறிக்கையிலேயே எழுதினார்கள்.

இப்போது “மலிவு” என்ற சொல்லுக்கு வருகிறேன். 5,000 ரூபாய்க்கு மேல் விற்ற அந்தப் பங்கு 2016-இல் சுமார் 200 ரூபாய். 96 சதவீதம் விழுந்துவிட்டது, இனி எங்கே விழப்போகிறது என்று அப்போது வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் அது 20 ரூபாய்க்கும் கீழே. அதாவது 200 ரூபாய்க்கு வாங்கியவர் மறுபடியும் 90 சதவீதம் இழந்தார். முன்பு என்ன விலைக்கு விற்றது என்பது ஒரு பழைய பில். இன்றைய சரக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

துறை பிழைத்தது, பழைய பங்குதாரர்?

“எண்ணெய் விலை ஏறினால் கடனைக் கட்டிவிட மாட்டார்களா?” என்று கேட்டீர்கள். உலகமே இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறது. சீட்ரில் என்ற பெரிய ரிக் கம்பெனி 2017-இல் திவால் பாதுகாப்பு கேட்டது. 2018-இல் வெளியே வந்தபோது பழைய பங்குதாரர்கள் கையில் மிஞ்சியது சுமார் 2 சதவீதம். 2021-இல் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை மீண்டு வந்தபோது பழையவர்களுக்குக் கிடைத்தது 0.25 சதவீதம். அதாவது கம்பெனி நூறு ரூபாய் என்றால் அவர்களுக்கு 25 காசு. 2020-இல் மட்டும் டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் என்று வரிசையாக அதே கோர்ட்டு வாசலில் நின்றன.

தேதிகளைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் பிரென்ட் எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. காத்திருந்த காலம் வந்தே விட்டது. ரிக்குகளுக்கு வேலை கிடைத்தது, கம்பெனிகள் லாபம் பார்த்தன. ஆனால் அதற்குள் அவற்றின் முதலாளிகள் மாறியிருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கடனைப் பங்காக மாற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். எண்ணெய் ஏறும் என்று கணித்த பழைய பங்குதாரரின் கணிப்பு சரிதான். கப்பல் புறப்பட்டபோது அவர் அதில் இல்லை.

நம் நாட்டிலும் இதே வரிசைதான். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், 53-ஆம் பிரிவு, கம்பெனியைக் கலைத்தால் பணம் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்று எழுதி வைத்திருக்கிறது. கலைப்புச் செலவு முதலில். தொழிலாளர் பாக்கியும் அடமானக் கடன்காரர்களும் அடுத்து. மற்ற ஊழியர்கள், அடமானமில்லாக் கடன்காரர்கள், அரசு பாக்கி, இதரக் கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். சாதாரணப் பங்குதாரர் எல்லோருக்கும் கடைசி. கலைக்காமல் வேறொருவர் வாங்கினாலும் கதி பெரும்பாலும் அதுவே. 2021 ஜூனில் டி.ஹெச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனி வேறு கைக்கு மாறியபோது பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று முடிவானது, வர்த்தகம் நின்றது. கம்பெனி பிழைத்துக்கொண்டது என்ற செய்தியைக் கேட்டுக் கடைசி நாட்களில் வாங்கியவர்களின் டீமேட் கணக்கில் மிஞ்சியது வெறும் எண்ணிக்கை.

நம் கடலில் கிணறு தோண்டினால்?

2025 ஏப்ரலில் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் பகுதி ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கப்பட்டது. மீனவர்கள் எதிர்க்கிறார்கள், அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு, அதைத் தனியாகப் பேச வேண்டும். முதலீட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தாலும், ஒதுக்கீட்டுச் செய்திக்கும் ரிக் வாடகைக்கும் இடையே வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. நில அதிர்வு ஆய்வு, சுற்றுச்சூழல் அனுமதி, டெண்டர் எல்லாம் தாண்ட வேண்டும். அதோடு, காலூன்றி நிற்கும் ஜாக்கப் ரிக்குகள் ஏறக்குறைய 120 மீட்டர் ஆழம் வரைதான் வேலை செய்யும். ஆழ்கடலுக்கு மிதக்கும் ரிக்கோ தோண்டும் கப்பலோ வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் கம்பெனியிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்தீர்களா?

ஒப்பந்தம் கையில் வந்துவிட்டாலும் அது கல்வெட்டில்லை. 2024-இல் சவூதி அராம்கோ இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்கப் ரிக்குகளின் ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தது. அன்று காலை வரை “எல்லா ரிக்கும் வேலையில்” இருந்த கம்பெனிகள் அவை.

மாதிரிச் சிப்பியைத் திறந்து பாருங்கள்

தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு இருந்தது. கடலடிப் பார்களில் சிப்பி நிறைய இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தோணிகளை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் மாதிரிக்குச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, அலசி, சல்லடையில் தேறிய முத்துகளை வகை பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை பெறும் என்று மதிப்பிடுவார்கள். தேறாது என்றால் அந்த வருடம் குளிப்பு இல்லை. பிறகு கரையில் நடக்கும் ஏலத்தில் குவியல் குவியலாகச் சிப்பியைத் திறக்காமலே வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு குவியலில் செல்வமும் அடுத்த குவியலில் வெறும் ஓடும் கிடைக்கும். ஆனால் மாதிரியைப் பார்த்தவருக்கு எவ்வளவு வரை கேட்கலாம் என்ற அளவாவது தெரிந்திருக்கும்.

கம்பெனியின் ஆண்டறிக்கைதான் உங்கள் மாதிரிச் சிப்பி. பி.எஸ்.இ. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்க வேண்டியவை இவை:

1. ஆடிட்டர் அறிக்கை. முதலில் இதைத் திறங்கள். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்று ஐயம் எழுப்பியிருந்தால் அத்தோடு மூடிவிடலாம்.

2. வட்டி தாங்கும் சக்தி. வட்டியும் வரியும் கழிக்கும் முன் வரும் லாபத்தை வட்டியால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால், வரும் லாபம் வட்டிக்கே போதவில்லை என்று பொருள். ஏற்ற இறக்கம் மிகுந்த இந்தத் தொழிலில் மூன்று இருந்தாலும் நான் யோசிப்பேன்.

3. தவணைத் தேதியும் ஒப்பந்தத் தேதியும். மிக முக்கியமானது, யாரும் பார்க்காதது. கடன் இரண்டு வருடத்தில் கட்ட வேண்டியது, ரிக் ஒப்பந்தமோ ஆறு மாதத்தில் முடிகிறது என்றால், இடையில் உள்ள ஒன்றரை வருடம் முழுவதும் நம்பிக்கையில் ஓடுகிறது.

4. கடன் எந்த நாணயத்தில்? டாலரில் கடன், ரூபாயில் வருமானம் என்றால் ரூபாய் இறங்கும் ஒவ்வொரு முறையும் கடன் தானாக வளரும்.

5. ரிக்கின் வயது. பழைய ரிக்குக்கு வாடகை குறைவு, பழுது அதிகம். ஏட்டில் எழுதிய விலைக்கு அதை யாரும் வாங்க மாட்டார்கள். விற்றுக் கடனைக் கட்டுவோம் என்ற பேச்சை நம்புமுன் இதைப் பாருங்கள்.

6. புரமோட்டர் அடமானம். முதலாளியே தன் பங்குகளை அடகு வைத்திருந்தால், விலை இறங்கும்போது கடன் கொடுத்தவர் அவற்றைச் சந்தையில் விற்பார். விலை இன்னும் இறங்கும்.

இவற்றோடு ஒரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. இத்தகைய பங்குகள் சந்தையின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தால், ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய எல்லையான லோயர் சர்க்கியூட்டை அடிக்கடி தொடும். விற்க ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். வாங்க ஆள் இருக்காது. விழுந்தால் விற்றுவிடலாம் என்ற எண்ணம் அப்போது உதவாது.

கடன் இல்லாத கம்பெனி எது?

இந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கடன் தீட்டு இல்லை. மாதாமாதம் நிச்சய வருமானம் வரும் தொழிலில் அளவான கடன் தாங்கும். வருமானம் அலையைப் போல ஏறி இறங்கும் தொழிலில் வட்டி மட்டும் கல்லைப் போல அசையாமல் நிற்பதுதான் பிரச்சினை. ஆகவே இந்தத் துறையில் நம்பிக்கை இருந்தால், கடன் குறைந்த கம்பெனிகளைத் தேடுங்கள். அவை மலிவாகத் தெரியாது. கெட்ட காலத்தைத் தாண்டி நிற்கும் சக்திக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

உங்களுக்கு நான் சொல்வது இது. இரண்டு வருடத்தில் வேண்டிய ஒன்பது லட்சம் முழுவதையும் வங்கி டெபாசிட்டிலோ அஞ்சலகத்திலோ வையுங்கள். இரண்டு வருடம் என்பது எந்தப் பங்குக்கும் குறைந்த காலம். கடன்பட்ட ரிக் கம்பெனிக்கு அது ஒரு தவணைக் காலம்கூட இல்லை. அதற்கு வெளியே, போனால் போகட்டும் என்று மனதார விடக்கூடிய ஒரு தொகை இருந்து, மேலே சொன்ன ஆறையும் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், உங்கள் மொத்தச் சேமிப்பில் நூற்றில் ஒன்று, இரண்டு போதும். விலை விழுந்தால் மேலும் வாங்கி ஆவரேஜ் பண்ணாதீர்கள். செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் உங்கள் கணக்கு முழுவதையும் ஒரு முறை காட்டுங்கள்.

முத்துக்கும் சங்குக்கும் குளிக்கப் போகிறவர் கயிற்றை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்காள் தாலியை நினைத்தாவது அவன் கை தளராது என்ற நம்பிக்கை அது. உங்கள் மைத்துனரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடன்பட்ட கம்பெனியில் கயிறு அவர் கையிலும் இல்லை, கம்பெனி முதலாளி கையிலும் இல்லை. அது வங்கியின் கையில் இருக்கிறது. மூச்சு முட்டும்போது வங்கி தன் பணத்தைத்தான் மேலே இழுக்கும்.

இன்று இரவு அவர் போன் பண்ணும்போது எத்தனை ரிக் வேலையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவர் வேலை பார்க்கும் அந்த ரிக் யாரிடம் அடமானத்தில் இருக்கிறது, தவணை எப்போது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்றால், உங்கள் மூன்று லட்சத்துக்கும் அதுதான் பதில்.